விசாவுக்கு முன்னால் நாயைப் பாருங்கள்: ஆஸ்திரேலியா கிளம்பும் டர்பன் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், ஐசிபிங்கோ என்று டர்பனைச் சுற்றிக் குடியிருந்து, இப்போது பெர்த்துக்கோ மெல்பர்னுக்கோ பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பழக்கமான தம்பி ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். விசா வந்துவிட்டதாம். பத்து வாரத்தில் பெர்த். சந்தோஷம் என்றேன். அவர் வண்டியின் பின் சீட்டில் நாய், கண்ணாடியில் மூக்கை அழுத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "இவன்?" என்று கேட்டேன். "இவனுக்கும் டிக்கெட் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போறோம்ணா. விட்டுட்டா போவோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. பத்து வாரம் என்பது எழுபது நாள். தென்னாப்பிரிக்காவிலிருந்து போகும் நாய்க்கு ஆஸ்திரேலியா கேட்பது 180 நாள் காத்திருப்பு. அந்த 180கூட நீங்கள் நினைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்காது. ஊசி போட்ட நாள் கணக்கில்லை, இரத்தம் எடுத்த நாளும் கணக்கில்லை. அந்த இரத்தம் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் முதல் நாள்.

இதை மார்க்கெட்டில் நின்று சொல்லி முடிக்க முடியவில்லை. இதே கேள்வி கோயிலிலும் கல்யாண வீட்டிலும் வருகிறது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, பத்தொன்பது வருஷத்துக்கு முன் டர்பனுக்கு வேலைக்கு வந்து, சாட்ஸ்வொர்த் வீட்டு மாப்பிள்ளை ஆனவன். மனைவியும் பிள்ளைகளும் ஜனவரியிலேயே பெர்த் போய்விட்டார்கள். நானும் மாமியாரும் மட்டும் இங்கே பின்தங்கினோம். பிள்ளைகளுக்கு அவர் ஆயா, அதனால் எனக்கும் ஆயாதான். நாங்கள் தங்கியதற்கு வீடு விற்பது ஒரு காரணம். பெரிய காரணம் வீரன்.

வீரன் எங்கள் நாய். மதுரை வீரன் பூஜை அன்று வாசலில் வந்து படுத்த குட்டி, அதனால் அந்தப் பெயர். ஜாதி கேட்டால் சொல்ல முடியாது. இங்கே ஆப்பிரிக்கானிஸ் என்கிறார்கள், மண்ணின் நாய். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் நிற்கும்.

வேலை நடக்கும் வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் தவறியது வரிசையில்தான். முதலில் மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு மூன்று நான்கு வாரம் கழித்து இரத்தம் எடுத்து, தடுப்புச் சக்தி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருந்தால்தான் தேறும். இங்கிருந்து இரத்தம் பிரிட்டோரியா பக்கம் ஒண்டர்ஸ்டெபூர்ட் ஆய்வுக்கூடத்துக்குப் போகும்.

இதற்கு நடுவில் ஒரு படி இருக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து வந்தது. இரத்தம் எடுப்பதற்கு முன்னால், அரசு கால்நடை மருத்துவர் நாயின் சிப்பை ஸ்கேன் செய்து, "இந்த எண்ணுக்குரிய நாய் இதுதான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம் இருந்தால் மெல்பர்னுக்கு வடக்கே மிக்கில்ஹாமில் உள்ள அரசுத் தனிமைக் கூடத்தில் நாய்க்குக் குறைந்தது 10 நாள். இல்லாவிட்டால் 30 நாள்.

எங்கள் வெட், அதாவது கால்நடை மருத்துவர், நல்ல மனுஷர். வீரன் குட்டியாக இருந்ததிலிருந்து பார்ப்பவர். "ஐந்து நிமிஷ வேலை, இன்றைக்கே எடுத்துவிடலாம்" என்றார். எடுத்துவிட்டார். முன்னங்காலில் மயிரைச் சிரைத்து ஊசி ஏற்றும்போது வீரன் முனகக்கூட இல்லை, ஆயாவின் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு நின்றான். முடிவு நன்றாகவே வந்தது. குடும்பமே கை தட்டியது. இரண்டு மாதம் கழித்து, நாய்களை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அடையாளச் சான்று எங்கே?"

அது அவருக்குத் தெரியவில்லை என்று வெட்டை மட்டும் குறை சொல்ல மாட்டேன். விதி ஆஸ்திரேலிய வேளாண் துறையின் பக்கத்தில் படிப்படியாகப் போட்டிருக்கிறது. என் விசா விதிகளை நான் நாலு தரம் படித்தேன், வீரனுடையதை ஒரு தரம் மேலோட்டமாகப் பார்த்தேன். திரும்ப முதலிலிருந்து தொடங்க எங்களிடம் மாதங்கள் இல்லை. 30 நாளை ஏற்றுக்கொண்டோம். கூடுதல் 20 நாளுக்கான கட்டணமும் நம் தலையில்தான். மொத்தச் செலவுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய டொயோட்டா வாங்கியிருக்கலாம்.

"என்ன அநியாயம், நம்ம நாய் என்ன குற்றம் பண்ணிச்சு?" என்று பலர் கோபப்படுகிறார்கள். கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. தனிமைப்படுத்தல் என்ற சொல்லுக்கே இந்த ஊரில் பழைய காயம் உண்டு. 1896 டிசம்பரில் பம்பாயிலிருந்து நம்மவர்களை ஏற்றி வந்த கூர்லாந்து, நாதேரி என்ற இரண்டு கப்பல்களை டர்பன் துறைமுகத்துக்கு வெளியே மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார்கள். காந்தி மனைவி பிள்ளைகளோடு கூர்லாந்தில் இருந்தார். பம்பாயில் பிளேக் என்பது சொன்ன காரணம். கரையில் கூட்டம் கூடிய வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியிருந்தது இந்தியர் இறங்காமல் திரும்பிப் போவது.

ஆனால் நாய் விஷயம் அப்படி இல்லை. நம் மாகாணமான க்வாசூலு-நட்டாலில் நாய் வெறிநோய் இன்றும் இருக்கிறது. 2021இல் நம் டர்பனை உள்ளடக்கிய ஈதெக்வீனி மாநகராட்சிப் பகுதியிலேயே பரவியது. 2024இல் கேப் டவுன் கடலோரத்தில் வாழும் சீல் என்ற கடல் விலங்குகளுக்குக்கூட வெறிநோய் கண்டுபிடித்தார்கள். கடலில் குளிக்கப் போகிறவனும் பயப்பட வேண்டியதாகிவிட்டது. அறிகுறி தெரிந்த பிறகு மனிதனோ நாயோ பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் இந்த நோய் கிடையாது. அவர்கள் அந்த 180 நாளைக் கேட்பதும் காரணத்தோடுதான்: ஊசிக்கு முன்பே கிருமி உள்ளே போயிருந்தால், அநேகமாக அந்த ஆறு மாதத்துக்குள் அது வெளியே தெரிந்துவிடும். நான் அந்த ஊர் அதிகாரியாக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன்.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், உங்கள் நாயின் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வெறிநோய் ஊசி கட்டாயம். குட்டிக்கு மூன்று மாதத்தில் ஒன்று, அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம். நம் தெருவில் பாதி வீட்டு அட்டையில் முதல் கட்டம் மட்டும்தான் நிரம்பியிருக்கிறது. ஊரைவிட்டுப் போகாதவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

பிட்புல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த இனத்தை ஆஸ்திரேலியா உள்ளே விடாது. ஊசி, இரத்தம், பணம் எதுவும் உதவாது. 2022இல் இங்கேயே பிட்புல்லைத் தடை செய்யச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடந்த பிறகு அவற்றுக்கு வீடு கிடைப்பதும் சிரமம். கடைசி வாரத்தில் விலங்குக் காப்பகத்து வாசலில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். விசா விண்ணப்பம் போடும் அன்றே அவனுக்கு ஒரு நல்ல இடம் தேட ஆரம்பியுங்கள்.

மற்ற நாய்களுக்கு இரத்த முடிவு வந்த பிறகு இறக்குமதி அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அது கிடைத்ததும் மிக்கில்ஹாமில் இடம் பதிய வேண்டும். கடைசி மாதம்தான் வேலை மிகுந்த மாதம். உண்ணி மருந்தைப் புறப்படுவதற்கு 30 நாளாவது முன்னால் தொடங்கி விடாமல் போட வேண்டும். நாம் இங்கே வாங்கிக் கொடுக்கும் மென்று தின்னும் மாத்திரை கணக்கில் சேராது, ஏனென்றால் உண்ணி கடித்த பிறகுதான் அது வேலை செய்யும். மேலே பட்டதும் கொல்லும் மருந்தாக இருக்க வேண்டும். குடற்புழு மருந்து இரண்டு தரம், இடையில் 14 நாளாவது விட்டு. இவை தவிர எர்லிக்கியா, லீஷ்மேனியா என்ற நோய்க்கிருமிகளுக்கான பரிசோதனைகள் உண்டு. நம் ஊரில் பிலியரி என்று சொல்கிறோமே, அந்தப் பேபிசியாவையும் ஆப்பிரிக்க மண்ணில் இருந்த நாய்க்குப் பார்க்கிறார்கள். எல்லாவற்றிலும் சிப் எண்ணின் பதினைந்து இலக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். எங்கள் காகிதம் ஒன்றில் 6க்குப் பதில் 8 விழுந்திருந்தது. ஆயாதான் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தார்.

விமானத்தில் நாய் உங்கள் காலடியில் வராது, சரக்காகத்தான் போகும். மெல்பர்னில்தான் இறங்க வேண்டும். நீங்கள் பெர்த்தில் இருந்தால் அங்கிருந்து அது 2,700 கிலோமீட்டர், அப்படியே பறந்து போனாலும் உள்ளே போய்ப் பார்க்க விட மாட்டார்கள். கூண்டுக்கு மட்டும் ஒரு யோசனை: ஆறு வாரம் முன்னாலேயே வாங்கி வீட்டுக் கூடத்தில் கதவைக் கழற்றி வையுங்கள். நாங்கள் வீரனுக்குச் சோறே அதற்குள் வைத்தோம். முதல் நான்கு நாள் கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிச் சாப்பிட்டுவிட்டு ஓடினான். இரண்டாவது வாரம் மதியத் தூக்கம் அதற்குள்தான். தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று கேட்காதவர்கள் இல்லை. வேண்டாம். ஆகாயத்தில் மயங்கிக் கிடக்கும் நாய்க்கு மூச்சுத் திணறினால் யாருக்கும் தெரியாது.

"ஒரு நாய்க்கு இவ்வளவா?" என்று என் மைத்துனர் கேட்டார். ஆயா அன்றுதான் ஒரு கதை சொன்னார், மருமகனான நானே கேட்டிராத கதை. ஆயா பிறந்தது மேகசின் பேரக்ஸில். நகராட்சி வேலைக்கார இந்தியர்களின் குடியிருப்பு அது. அறுபதுகளில் அங்கிருந்தவர்களை அள்ளிச் சாட்ஸ்வொர்த்தில் கொட்டியபோது ஆயாவுக்குப் பதினாலு வயது. லாரியில் கட்டில், அம்மி, சாமி படம் எல்லாம் ஏறின. நாயை ஏற்ற டிரைவர் சம்மதிக்கவில்லை. "அம்கேனி ரோடு திரும்புற வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். மைத்துனர் அதற்குப் பிறகு செலவைப் பற்றிப் பேசவில்லை. வீரன் போகாமல் தான் விமானம் ஏறப்போவதில்லை என்று ஆயா ஏன் பிடிவாதமாக இருந்தார் என்பது எனக்கும் அன்றுதான் விளங்கியது.

புறப்படும் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அவனை வண்டியில் ஏற்றி என்3 சாலையில் ஜோஹானஸ்பர்க் ஓட்டினோம். வான் ரீனன் கணவாயில் மூடுபனி. ஆயா தன் பழைய நூல் புடவை ஒன்றை மடித்துக் கூண்டுக்குள் விரித்திருந்தார். "அதை அங்கே இறங்கியதும் எடுத்து அழித்துவிடுவார்கள், அம்மா" என்று ஏஜென்ட் சொன்னார். "அழிக்கட்டும். இறங்குற வரைக்கும் என் வாசனை இருக்குமில்ல" என்றார் ஆயா.

இன்று வீரனுக்கு மிக்கில்ஹாமில் பதினோராவது நாள். அரசு வெட்டின் கையெழுத்து ஒன்று இருந்திருந்தால் நேற்றே அவன் வெளியே வந்திருக்கலாம்.

மார்க்கெட்டில் பார்த்த தம்பியிடம் நேற்று மறுபடி பேசினேன். டிக்கெட்டை மாற்ற வேண்டாம், நீங்கள் முன்னால் போங்கள், நாய் பின்னால் வரட்டும் என்று சொன்னேன். மனைவியோடு உட்கார்ந்து பேசிவிட்டுச் சரி என்றார். அவருடைய நாய்க்குப் பெயர் டைகர். அதுவரை ஃபீனிக்ஸில் அக்கா வீட்டில் இருப்பான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரசு கால்நடை அலுவலகத்தில் அவனுக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். முதலில் சிப் ஸ்கேன், கையெழுத்து. இரத்தம் அதற்குப் பிறகு.

அன்புடன்,
வீரன் வீட்டுக்காரன்,
சாட்ஸ்வொர்த்