கோடு கலையாமல் தகடு வெட்ட

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் தகடு வெட்டிப் பழகுவோர் வடிவத்தாளை (வெட்ட வேண்டிய வடிவம் வரைந்த தாள்) 100% அளவிலேயே அச்சிட வேண்டும். அளந்து பார்த்தபின் தகட்டில் ஒட்டுங்கள். ஒட்டும் முன் தகட்டை 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைப்பது அவசியம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கைவியர்வை பட்டாலே தாளின் ஓரம் கிளம்பிவிடும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். கிரைண்டரில் (உலோகம் தேய்க்கும் சாணை இயந்திரம்) சூடேறிய தகட்டைத் தண்ணீரில் முக்கினால் பசைக்குச்சிப் பசை கரைந்து தாள் நழுவும். அதனால் ஒட்டிய தாளையே நம்பாமல், தகட்டில் முதலில் நிரந்தர மார்க்கர் மை பூசி, கத்தரித்த வடிவத்தைச் சுற்றி எஃகு ஊசியால் ஒரே இழுப்பில் கீறுங்கள். இரண்டு முறை கீறினால் இரட்டைக் கோடுதான் மிஞ்சும். கோட்டுக்கு வெளியே அரை மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மீதியை அரத்தால் தேய்க்கலாம். அடுக்குமாடியில் இரவில் இந்தச் சத்தம் வேண்டாம்!

இப்படிக்கு,
உலோகவேலை ஆர்வலர்கள், தோ பாயோ, சிங்கப்பூர்