இளங்கோவுக்கு, டயர் மாற்றும் முன்

சேலம்

அன்புள்ள இளங்கோவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "மைலேஜ் குறையாத டயராக ஒன்று சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். போக்குவரத்துக் கழக டெப்போவில் டயர்ப் பிரிவிலேயே காலம் தள்ளியவனால் அதற்கு ஒரே வரியில் பதில் எழுத முடியாது. பொறுமையாகப் படி.

முதலில் நீ கேட்காததைச் சொல்கிறேன். முன் டயர் இரண்டிலும் நடுப்பகுதியைவிட இரு ஓரங்களும் அதிகமாகத் தேய்ந்திருக்கின்றன. காற்றுக் குறைவாகவே நெடுந்தூரம் ஓடிய வண்டியில்தான் இப்படித் தேயும். பள்ளங்களுக்குள் குறுக்கே 1.6 மி.மீ. உயரத்தில் சிறு மேடு இருக்குமே, ஓரங்களில் அது ரப்பரோடு சமமாகிவிட்டது. சட்டப்படியே அந்த டயரின் ஆயுள் முடிந்தது. மழை தொடங்கிவிட்டது. நான்கையும் மாற்றாமல் நெடுஞ்சாலைப் பக்கம் வண்டியை எடுக்காதே.

இனி மைலேஜுக்கு வருகிறேன். டயர் தரையைத் தொடும் இடத்தில் சப்பையாகி, தரையை விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் இப்படி மடங்கி நிமிரும்போது கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடுகிறது. உருளல் தடை என்பது பெரும்பாலும் இதுதான். அதைப் பத்து சதவீதம் குறைத்தால் பெட்ரோலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் மிச்சமாகும். உன் டிசையர் கார் லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்து ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் 750 லிட்டர் செலவாகும். அதில் இரண்டு சதவீதம் 15 லிட்டர், ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அலுவலகம் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர்தான் என்று நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் 15,000 என்பதே அதிகம். ஆனால் கடைசிப் படத்தில் மீட்டர் 52,000-ஐத் தாண்டியிருக்கிறது. பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நான்தான் வண்டியைக் காற்றுப் பிடிக்க எடுத்துப் போனேன். அப்போது 31,000 சொச்சம். வண்டி எங்கே போய்வருகிறது என்று நான் கேட்கவில்லை. தூரம் தெரியாமல் டயர் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

மிச்சமாகும் அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஈரச் சாலையில் பிடிப்பு. உருளல் தடையைக் குறைத்தால் ஈரத்தில் பிடிப்பும் குறையும் என்றுதான் ஒரு காலத்தில் இருந்தது. 1992-இல் மிஷ்லின் நிறுவனம், கார்பன் கறுப்பின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்த்த ரப்பரைக் கொண்டுவந்த பிறகுதான் இரண்டும் ஓரளவு ஒன்றாகக் கிடைக்கத் தொடங்கின. ஆனாலும் எல்லா டயரிலும் இரண்டும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 142 தரநிலை உருளல் தடை, ஈரப் பிடிப்பு, ஓசை மூன்றுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் வந்த டயர் எல்லாம் ஒரே தரம் என்று நினைத்துவிடாதே. ஐரோப்பாவில் டயர்ச் சீட்டிலேயே எரிபொருளுக்கு ஒன்று, ஈரப் பிடிப்புக்கு ஒன்று என்று ஏ முதல் இ வரை தனித்தனியாக எழுத்துக் கொடுக்கிறார்கள், ஏ தான் சிறந்தது. நீ பார்க்கும் டயர் அங்கேயும் விற்பனையாகிறது என்றால் அந்த இரண்டு எழுத்துகளையும் தேடிப் பார். எரிபொருளில் ஒரு படி கீழே இருந்தாலும் பரவாயில்லை, ஈரத்தில் கீழே இறங்காதே. தொப்பூர் இறக்கத்தில் தூறல் விழுந்த முதல் கால்மணி நேரம் எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். நீ இப்போது அந்த வழியாக வருவதில்லை என்றாலும், எந்தச் சாலையிலும் ஓர் இறக்கம் இருக்கத்தான் செய்யும்.

கடைக்காரர் 195/65, அதாவது 195 மி.மீ. அகலமும் அதில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரமும் உள்ள டயர், போட்டால் பார்வையாக இருக்கும் என்றாராம். வேண்டாம். உன் வண்டிக்கு 185/65 ஆர் 15 தான். 195 போட்டால் சக்கரத்தின் விட்டம் இரண்டு சதவீதம் கூடும். வண்டி 102 கி.மீ. ஓடினாலும் மீட்டர் 100 தான் காட்டும். மைலேஜ் இறங்கியதாக நீயே மறுபடி எனக்கு எழுதுவாய். பாரக் குறியீடு 88-க்குக் குறையக் கூடாது. ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். சரியான அளவில் போட்டாலும் முதலில் மைலேஜ் கொஞ்சம் குறையும். புது டயரில் ரப்பர் தடிமன் அதிகம், மடங்குவதும் அதிகம். தேயத் தேயச் சரியாகும். அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே.

பின்னால் இருப்பவை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், முன்னால் இரண்டு மட்டும் மாற்றலாமா, அதுவும் ஓரளவு ஓடிய டயராகக் கிடைத்தால் போதுமா என்று உன் தம்பியிடம் கேட்டாயாமே. என்னிடம் கேட்டிருக்கலாம். யாரோ கழற்றிப் போட்ட டயருக்குள் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. எங்கள் பேருந்துகளில் புது டயர் முன்னால், தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் பின்னால் போகும். காரில் இரண்டுதான் மாற்றுகிறாய் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும், பழையவை முன்னால் வர வேண்டும். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி மீட்பது கடினம். ஆனால் உன் முன் டயர்கள்தாம் மொட்டையாகிவிட்டனவே, எதை எங்கே மாற்றுவாய்? நான்கையும் மாற்று.

கடையில் பக்கச்சுவரைப் பார். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2325 என்றால் 2025-இன் 23-ஆம் வாரம். ஓராண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்ததை வாங்காதே. வால்வையும் புதிதாகப் போடச் சொல். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் விடாதே. பத்து வயதில் டெப்போவுக்கு வந்து ஆழமானியைப் பள்ளத்தில் வைத்து, "அப்பா, நாலு மி.மீ.!" என்று ஃபோர்மனுக்கே கேட்கும்படி கூவியவன் நீ. எண்ணைச் சரியாகப் படிக்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவனம்தான் போதவில்லை.

காற்றை வண்டி ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். காற்றழுத்தம் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம் போகும். நீ விட்ட காற்றில் போனதே ஒரு புது டயர் மிச்சப்படுத்துவதற்குச் சமமாக இருக்கும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில், எத்தனை பேர் உட்கார்ந்தால் எவ்வளவு காற்று என்று போட்டிருக்கிறதா பார். அதனால் கேட்கிறேன்: மீனாவும் குழந்தையும் உன்னோடு பின் இருக்கையில் வருகிறார்களா, நீ மட்டும் தனியாகத்தான் ஓட்டிப் போய்த் தனியாகத்தான் திரும்புகிறாயா? இரவிலா, பகலிலா? அம்மாவும் இதையே கேட்கச் சொன்னாள். சம்பந்தி வீட்டிலிருந்து ஆடிக்குப் பிறகு போன் வரவில்லை.

நான்கு டயருக்கான பணத்தை உன் கணக்கில் போட்டுவிட்டேன். திருப்பி அனுப்பாதே. நீ ஓட்டும் சாலையின் பெயரை மட்டும் எழுது. அது மலைச்சாலையா, கான்கிரீட்டா, மழை அதிகமா என்று பார்த்து, எந்த டயர் என்று மறுநாளே சொல்கிறேன். அதுவரை பேருந்தில் போ.

அன்புடன்,
அப்பா