மாமி, முகத்தைக் கடைசியாகக் காட்டுங்கள்

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் அக்கா குடும்பம் லண்டனுக்குப் போவதால் அவர்களுடைய கடுவன் பூனை சுன்னாகத்திலிருந்து கொக்குவிலுக்கு, உங்கள் வீட்டுக்கு, வரப்போகிறதாம். உங்களிடமோ குசினியிலிருந்து கிணற்றடி வரைக்கும் தன் ஆட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிற பெட்டை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. "உரப்பைக்குள்ளை போட்டுக் கொண்டுவந்து விறாந்தையிலை அவிட்டு விடுங்கோ, ரெண்டு நாள் சண்டை பிடிச்சிட்டு அடங்கியிடும்" என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை மட்டும் செய்ய வேண்டாம். அவிழ்த்த கையோடு புதியது மதிலேறிச் சுன்னாகம் பார்க்க வெளிக்கிடும். இல்லையென்றால் பழையது முகட்டில் ஏறி இருந்துகொண்டு சாப்பாட்டுக்கும் இறங்காது. முதல் நாளே கடிபட்ட இரண்டு பூனைகளைப் பிறகு சேர்த்து எடுப்பது, ஒன்றையொன்று தெரியாத பூனைகளைப் பழக்குவதைவிட எத்தனையோ மடங்கு கஷ்டம்.

பூனை தனியே வேட்டையாடிப் பிழைத்த சாதி. அதற்கு வீடு என்பது மணத்தால் வேலி அடைத்த காணி. கன்னத்திலும் நாடியிலும் அதற்கு மணச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலை, கதிரைக் கால், உங்கள் கணுக்கால் என்று அது முகத்தைத் தேய்த்துக்கொண்டு திரிவது அந்த வேலியைப் புதுப்பிக்கத்தான். ஆகவே ஒழுங்கு இப்படி: முதலில் மணம், பிறகு கதவுக்கு அப்பாலிருந்து சத்தம், பிறகு கண், எல்லாவற்றுக்கும் கடைசியாக உடம்பு. நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பழையதைத் தூக்கிக்கொண்டு போய் "இஞ்சை பார், உனக்குத் தம்பி" என்று மூஞ்சிக்கு மூஞ்சி காட்டுவார்கள். கீறல் தூக்கினவரின் கையில்தான் விழும்.

கடுவனுக்குத் தனி அறை ஒன்று வேண்டும். தகரம் போட்ட பின்பத்தி சரிவராது, சித்திரை வெயிலில் அவிந்துவிடும். சாமான் அறை பரவாயில்லை. ஆனால் உங்களுடையது பழைய ஓட்டு வீடு. அறைச் சுவர் கூரை மட்டும் போகாமல் பாதியில் நிற்கிறது. அலுமாரியில் பாய்ந்து, சுவர் மேலால் நடந்து, அடுத்த அறைக்குள் இறங்க ஒரு பூனைக்கு ஐந்து நிமிடம் கூடத் தேவையில்லை. சீலிங் அடித்த அறை இருந்தால் அதையே கொடுங்கள். இல்லாவிட்டால் சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளியைக் கோழிக்கூட்டு வலையால் அடைத்துவிடுங்கள். யன்னல் கம்பிகளையும் பாருங்கள்: தலை போகிற இடத்தால் முழுப் பூனையும் போகும்.

அறைக்குள் ஒரு மூலையில் மணல் பேசின். பூனையின் மூக்கிலிருந்து வாலடி வரைக்கும் உள்ள நீளத்தில் ஒன்றரை மடங்காவது பேசின் இருக்க வேண்டும். அரித்த கட்டட மணல் 2 அங்குல ஆழம் போதும். சாப்பாடும் தண்ணீரும் எதிர் மூலையில். ஒளிந்துகொள்ளப் பக்கவாட்டில் வாசல் வெட்டிய காட்போட் பெட்டி ஒன்றும், ஏறி இருக்க ஒரு மேசையும் வையுங்கள். உரப்பையில் கொண்டுவர வேண்டாம்; மூச்சு முட்டும், பயத்தில் மூத்திரமும் போய்விடும், பிறகு எத்தனை நாளைக்கென்றாலும் உங்களைக் கண்டாலே ஓடும். மூடியுள்ள பிளாஸ்ரிக் கூடைக்குள் அது படுத்த துணியைப் போட்டுக் கொண்டுவாருங்கள். கூடையை அறையிலேயே திறந்தபடி விட்டுவிடலாம். முதல் நாள் முழுக்கக் கட்டிலுக்கடியில் கிடந்தால் கிடக்கட்டும், இழுத்து எடுக்க வேண்டாம்.

இந்த அறை வாசம் குறைந்தது 14 நாள். இது குணத்துக்காக மட்டும் அல்ல, நோய்க்காகவும்தான். பூனைகளுக்கு வருகிற பார்வோ வகை வைரஸ் ஒன்று உண்டு. வாந்தி, வயிற்றோட்டம், சாப்பிடாமல் சுருண்டு கிடத்தல் என்று வந்து குட்டிகளை ஒரு சில நாளிலேயே கொண்டுபோய்விடும். தொற்றிய பூனைக்குப் பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் அடையாளம் தெரிந்துவிடும். அதனால்தான் 14 நாள். அந்த வைரஸ் நிலத்திலும் துணியிலும் ஒரு வருடம் வரைக்கும் உயிரோடு கிடக்கக்கூடியது, சவர்க்காரத்துக்கு அசையாது. முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, 1 லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் சலவை பிளீச் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். பினாயிலும் டெட்டோலும் வேண்டவே வேண்டாம். அந்த இனத்து மருந்துகளை உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலுக்குச் சக்தி போதாது. காலில் பட்டதை நக்கினாலே விஷமாகும். அதோடு நாம் பாடுபட்டுப் பழக்குகிற மணத்தையும் அவை அழித்துவிடும். அந்த அறையில் சாம்பிராணியும் சில நாள் வேண்டாம், பெரியவர்கள் கோபிக்காவிட்டால்.

வந்த கிழமையிலேயே கடுவனை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பூச்சி மருந்து, விசர்நோய்த் தடுப்பூசி, மேலே சொன்ன வைரஸையும் தடிமன் வகைகள் இரண்டையும் சேர்த்துத் தடுக்கிற ஊசி. பெட்டைக்கும் ஊசி காலம் கடந்திருந்தால் அதையும் ஒரே பயணத்தில் முடியுங்கள், ஆனால் வேறு வேறு கூடையில். தெள்ளுக்கு நாய்க்குப் போடுகிற மருந்தைப் பூனைக்குப் பூசக்கூடாது. அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிகொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து சாகவும் கூடும்.

கடுவனுக்குக் கருத்தடை ஒப்பரேசன் செய்யவில்லை என்றால், இதையெல்லாம் தொடங்க முன்னமே செய்துவிடச் சொல்லி அக்காவிடம் கேளுங்கள். செய்யாத கடுவன் சுவரெல்லாம் மூத்திரம் பீச்சும், பெட்டை அதைச் சண்டைக்கான அழைப்பாகவே எடுக்கும். ஒப்பரேசன் முடிந்தும் ஒரு மாதத்துக்கு மேல் அதற்குக் குட்டி போட வைக்கும் வலு இருக்கலாம். உங்கள் பெட்டைக்கும் ஒப்பரேசன் ஆகவில்லை என்றால் ஒன்பது கிழமையில் பேரப்பிள்ளைகளை எண்ண வேண்டி வரும்.

இனி மணம். 14 நாளும் நோய் அடையாளம் இல்லாமல் கழிந்த பிறகு, கழுவி உலர்ந்த சொக்ஸ் ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு கடுவனின் கன்னத்திலும் நாடியிலும் தடவுங்கள். வாலடியில் தடவ வேண்டாம், அது வேறு செய்தி. அந்தச் சொக்ஸைப் பெட்டையின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து இரண்டு அடி தள்ளிப் போடுங்கள். இதே வேலையை மறுபக்கமும் செய்யுங்கள். மணந்துவிட்டு ஒருமுறை சீறினால் பயப்பட வேண்டாம், சீறல் என்பது "தள்ளி நில்" என்கிற பேச்சு மட்டுமே. சொக்ஸைப் பார்த்தும் சட்டை செய்யாமல் சாப்பிடத் தொடங்கினால், சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழேயே வைக்கலாம். இப்படி ஒரு கிழமை போனதும் பூனைகளை ஒன்றையொன்று காணவிடாமல் இடத்தை மாற்றுங்கள்: பெட்டையைக் குசினிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கடுவன் அரை மணித்தியாலம் வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும், பிறகு கடுவனைக் குசினிக்குள் வைத்துவிட்டுப் பெட்டை அந்த அறைக்குள் போய் மணந்து பார்க்கட்டும். மணல் பேசினை மட்டும் மாற்றி வைக்க வேண்டாம்.

எந்தக் கட்டத்தை எப்போது தாண்டலாம் என்று நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள். பழையது சாப்பிடும் விதம்தான் அளவுகோல். பின்கால்களைத் தூரத்தில் ஊன்றி, கழுத்தை மட்டும் தட்டுக்கு நீட்டி, காதிரண்டையும் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டு அவசரமாக விழுங்கினால், அது இன்னும் தயாரில்லை. நாலு காலையும் ஒன்றாக மடித்துக் குந்தி, தட்டை நக்கித் துடைத்துவிட்டு, அங்கேயே இருந்து முகம் கழுவினால் தயார். சாப்பிடாமல் திரும்பிப் போனால் நீங்கள் தட்டைக் கதவுக்கு அளவுக்கு மீறிக் கிட்டக் கொண்டுபோய்விட்டீர்கள். போன முறை நன்றாகச் சாப்பிட்ட தூரத்துக்குத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

தட்டுகளை மூடிய கதவின் இருபுறமும் ஆறடி தள்ளித் தொடங்குங்கள். ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் அரை அடி நகர்த்தினால் போதும். இதற்குச் சின்னக்கடையில் வாங்கிய சூடை மீனை உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்து, முள்ளெடுத்துக் கொடுங்கள். வெங்காயம், உள்ளி இரண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே குழம்பில் போட்ட மீனைக் கழுவிக் கொடுப்பதும் சரியில்லை. இந்த ருசியான சாப்பாடு கதவடியில் மட்டும்தான் கிடைக்க வேண்டும், வேறெங்கும் இல்லை. அந்த மணம் வந்தால் சூடை வரும் என்று அதுகளுக்குப் படிய வேண்டும்.

இரண்டும் கதவின் அடியில் நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கி, 14 நாளும் கழிந்த பிறகு கண் காட்டலாம். கதவு நிலையின் அளவுக்கு ஒரு மரச்சட்டம் அடித்து, அதில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை. நிலையின் முழு உயரத்துக்கும் அடிக்கச் சொல்லுங்கள், அரைக்கதவைப் பாய்வது பூனைக்கு விளையாட்டு. நுளம்பு வலை நகத்துக்குத் தாங்காது. வலைக்கு மேல் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டு, உடுப்புக் கிளிப்பால் கீழிருந்து ஒரு சாண் தூக்குங்கள். முதலில் காலும் தட்டும் மட்டும் தெரியட்டும். ஐந்து நிமிடம், சாப்பாடு முடிய முன் விரிப்பை இறக்கிவிடுங்கள். அடுத்த நாள் இன்னும் ஒரு சாண். தட்டுகளைத் திரும்பவும் ஆறடிக்குக் கொண்டுபோக மறக்க வேண்டாம்; மணத்துக்குப் பழகின தூரம் கண்ணுக்குச் செல்லாது.

இங்கே ஆபத்தான அடையாளம் சத்தம் போடுவது அல்ல. சத்தமே இல்லாமல், இமை வெட்டாமல், உடம்பை விறைத்துக்கொண்டு பார்க்கிற பார்வை. அந்தப் பார்வை இரண்டு விநாடி நீண்டால் நடுவில் ஒரு காட்போட் மட்டையை இறக்குங்கள். பெயர் சொல்லி அதட்டுவதோ தண்ணீர் தெளிப்பதோ உதவாது. அதட்டலும் தண்ணீரும் அந்த மற்றப் பூனையால் வந்தது என்றே பூனை எடுத்துக்கொள்ளும்.

வலைக்கு முன்னால் சில நாள் சும்மா படுத்துக் கிடக்கத் தொடங்கினால் வலையைத் திறக்கலாம். அன்றைக்கு இரண்டு பேர் வேண்டும், நீங்களும் மாமாவும். ஆளுக்கொரு ஈர்க்கில் நூல் கட்டி இரண்டு பக்கத்திலும் விளையாட்டுக் காட்டுங்கள். ஒன்றையும் தூக்க வேண்டாம். அறைக்கு இரண்டு வழி திறந்திருக்க வேண்டும், ஒதுங்க வழியில்லாத பூனைதான் பாயும். பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். நூலை எடுத்து அலுமாரிக்குள் வையுங்கள். விழுங்கினால் குடலைச் சுருக்கி இழுத்துவிடும்.

இரண்டும் சண்டை பிடித்துக்கொண்டால் நடுவில் கை விடாதீர்கள். தடித்த துவாயை மேலே போடுங்கள், அல்லது மட்டையால் பிரியுங்கள். கடி உங்களில் பட்டால் மஞ்சள் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளி, உள்ளே அடுத்த நாளே சீழ் கட்டும். விசர்நோயும் நம் நாட்டிலிருந்து இன்னும் போகவில்லை. பூனை கடிபட்டால் கன்னத்தையும் வாலடியையும் மூன்று நாலு நாள் தடவிப் பாருங்கள், வீக்கம் அங்கேதான் எழும்பும். நோகிறதே என்று பனடோல் கால் துண்டும் கொடுக்கக்கூடாது, அது பூனையைக் கொல்லும்.

சண்டை இல்லாத வீட்டிலும் ஒரு கொடுமை நடக்கும். ஒன்று குசினி வாசலில் நீட்டிப் படுத்திருக்கும், மற்றது அந்த வழியால் போகாது. பார்ப்பவருக்குப் படுத்த பூனை அப்பாவி. இதற்கு மருந்து இடம் பிரிப்பதுதான். இரண்டு பூனைக்கு மூன்று மணல் பேசின், மூன்றும் வேறு வேறு இடத்தில். வரிசையாக வைத்த மூன்றும் பூனைக்கு ஒன்றுதான். "வளவு முழுக்க மண் கிடக்கே" என்பீர்கள். மாரியில் வளவு தண்ணீராகும்போது இரண்டும் ஒரே விறாந்தைக்கு வரும், அப்போது தெரியும். சாப்பாட்டுத் தட்டுகள் எத்தனை வருடம் போனாலும் ஒன்றையொன்று காணாத இடத்திலேயே இருக்கட்டும். பெட்டையின் பழைய கதிரை, அதற்குச் சாப்பாடு வைக்கிற நேரம், இரவில் படுக்கிற இடம், இதில் ஒன்றும் மாறக்கூடாது.

இதெல்லாம் குட்டி என்றால் சுருக்கமாக முடியும். வளர்ந்த கடுவன் என்பதால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் எடுக்கும். கடைசியில் கட்டிப்பிடித்துப் படுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரே அறையில் ஆறடி தள்ளி முதுகு காட்டிப் படுத்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. பிறகொரு நாள் ஒன்று மட்டும் வைத்தியரிடம் போய்வந்தால், ஆஸ்பத்திரி மணம் பட்டு மற்றது அதை ஆளே தெரியாதது போலச் சீறும். ஒரு நாள் பிரித்து வைத்து, பழைய துணியால் துடைத்துவிட்டுச் சேருங்கள்.

கடுவனை வளவுக்கு விட அவசரப்படாதீர்கள், வந்து நாலு கிழமையாவது போகட்டும். சுன்னாகம் பூனைக்குத் தூரம் இல்லை. விடுகிற நாள் காலையில், சாப்பாடு வைக்க முன், பசியோடு விடுங்கள். தட்டைத் தட்டினால் ஓடி வரும் பழக்கத்தை அறைக்குள் இருக்கும்போதே வைத்துவிடுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். படலையைச் சாத்திவிடுங்கள். மதில் இருக்கப் படலை சாத்தி என்ன பிரயோசனம் என்று மாமா கேட்பார். அது பூனைக்கில்லை, தெரு நாய்க்கு.

அன்புடன்,
உங்கள் மருமகன்