அந்தப் படத்தில் தெரிந்த வெள்ளைப் பொடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், கரடுமுரடான மலைப்பாதைகளில் ஜீப் ஓட்டும் இளைஞர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ‘சஸ்பென்ஷன் பாகங்களைக் கடையில் வாங்கத் தேவையில்லை, தெரிந்த பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டால் பாதிச் செலவில் இரண்டு மடங்கு பலம்’ என்ற வாக்கியம் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. (சஸ்பென்ஷன் என்பது சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், ஆர்ம் முதலிய பாகங்கள்.) அதைச் சொன்ன தம்பி மீது எனக்குக் கோபமில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன். அதைத் தடித்த எழுத்தில், தனியே பெட்டி கட்டி அச்சிட்டிருக்கிறீர்களே, அதுதான் மனத்தை வருத்துகிறது.

கட்டுரையோடு வந்த படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பின் அச்சைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிணைத்துப் பிடிக்கும் கண்ட்ரோல் ஆர்ம் ஒன்றை அந்தத் தம்பி ஏந்தி நிற்கிறார். வெல்டிங்கின் இரு ஓரங்களிலும் மாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் ஜி.ஐ. குழாயைத் துத்தநாக முலாம் நீக்காமல் அப்படியே வெல்டிங் வைத்தால் படிகிற பொடி அது. அந்தப் புகையை இழுத்தவனுக்கு இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங்குக்குள்ளும் அந்த ஆவி புகுந்து, புழு துளைத்ததுபோல் ஓட்டை விட்டுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீர் போவதற்கென்று செய்த குழாயை, ஆளேற்றிய வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் இழுபட்டும் நெரிபட்டும் தாங்கு என்றால் அது எத்தனை நாள் தாங்கும்? அந்த ஆர்ம் ஓட்டத்தில் முறிந்தால் அச்சு ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். அதன் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரால் செய்யக்கூடியது ஏதுமில்லை.

போடிநாயக்கனூரில் 31 ஆண்டுகள் பட்டறை வைத்திருந்தவன் நான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அந்தி சாய்ந்ததும் என் வாசலில்தான் வரிசையாக நிற்கும். போடிமெட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை நாள்தோறும் ஏறி இறங்கும் வண்டிக்கு என்னென்ன தேயும், எது முதலில் முறியும் என்பது தாங்கள் அறியாததல்ல. தங்கள் நிருபர்கள் அந்த ஜீப்புகளில் போய்வந்து எழுதியதைப் பலமுறை படித்திருக்கிறேன்.

1994-இல் ஒரு தோட்டத்து ஜீப்பை உயர்த்தித் தரச் சொன்னார்கள். ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறத்தாழ ஓர் அங்குலம் உயரும். புதிய ஷேக்கிள் செய்ய மனமில்லாமல், பழையதைக் கேஸ் கட்டிங்கில் இரண்டாக அறுத்து, நடுவில் பட்டை இரும்புத் துண்டு வைத்து, 6013 என்ற சாதாரண வெல்டிங் ராடில் வெல்டிங் வைத்தேன். மழைக்காலம், பெட்டி பிரித்துக் கிடந்து ஈரம் ஏறிய ராடு. ஓரங்களைச் சரிவாகச் சீவாமல் வைத்ததால் நெருப்பு உள்ளே இறங்கவில்லை. அது தெரியாதபடி கிரைண்டரால் வழித்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, கையால் தட்டிப் பார்த்துக் கொடுத்தேன். ஐந்து மாதம் ஓடியது. ஆறாம் மாதம் இறக்கத்தில் அது முறிந்து, வண்டி மலைப்பக்கச் சுவரில் மோதியது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் பள்ளம். வண்டியில் இருந்த பெண்களில் ஒருவருக்கு வலது முன்கை இரண்டு இடத்தில் ஒடிந்தது. அதன் பிறகு அவர் ஏலக்காய் எடுக்கப் போகவில்லை.

உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் முக்கால் பாகம் துருவேறிப் பழுப்பாகவும், கால் பாகம் மட்டும் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டும் இருந்தது. அதாவது வெடிப்பு வெல்டிங்கின் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், மாதக்கணக்கில் காற்றும் ஈரமும் பட்டுத் துருவேறியிருக்கிறது. மிச்சமிருந்த கால் பாகம்தான் அத்தனை பேரையும் அன்றுவரை சுமந்தது. அந்தத் துண்டு இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

‘இரண்டு மடங்கு பலம்’ என்ற சொல்லை நான் பொறுக்காததற்குக் காரணம் இதுதான். கேட்டிலும் ஜன்னல் கம்பியிலும் வெல்டிங் வைப்பதுபோல அல்ல இது. கேட்டின் மேல் விழும் பாரம் அசையாமல் நிற்கும். சஸ்பென்ஷன் பாகத்தின் மேல் விழும் பாரம் நொடிக்கு நொடி திசை மாறும். அதிலும் ஸ்பிரிங் பட்டையிலேயே வெல்டிங் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எஃகு சாதாரண இரும்பைவிடக் கரி மிகுந்தது. காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு பதம் இறக்கிச் செய்தது. அதில் ராடு தொட்ட இடத்தில் பதம் போய், ஓரத்தில் கண்ணாடிபோல் நொறுங்கும் ஒரு வளையம் உண்டாகிறது. ஈரம் பட்ட ராடு என்றால் அன்று நன்றாக இருக்கும் வெல்டிங், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தானே வெடிப்பு விடும். பக்கத்தில் வேலை செய்யும்போது ராடு தவறிப் பட்டையில் ஒரு பொறி தட்டினால்கூட அந்தப் புள்ளியிலிருந்து வெடிப்பு கிளம்பக்கூடும் என்பதால், பிற்காலத்தில் நான் பட்டைகளை ஈரச் சாக்கால் மூடிவிட்டுத்தான் சேஸிஸில் வெல்டிங் வைப்பேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், உடைந்த மெயின் பட்டையை (ஸ்பிரிங் அடுக்கின் முதன்மைப் பட்டையை) ‘அவசரத்துக்கு’ வெல்டிங் வைத்து ஊர் போய்ச் சேரலாம் என்று தங்கள் இதழின் துணுக்குப் பகுதியில் ஒரு குறிப்பு வந்தது. அன்றே மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். அச்சில் வரவில்லை, பதிலும் வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மலையில் ஜீப் கவிழும் ஒவ்வொரு முறையும் ‘ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்து’ என்று எழுதுகிறீர்கள். இறந்துபோன ஓட்டுநரின் வீட்டார் அந்த வரியைப் படிப்பார்கள் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். முறிந்த ஷேக்கிளையோ ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் அறுந்து கிடந்தால் அதையோ யாரேனும் எடுத்துப் பார்த்தார்களா என்று ஒரு செய்தியிலாவது கேட்டதுண்டா?

சட்டம் தங்களுக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்றுக்குப் பார்க்கும் நாளில் பழைய பாகத்தை மாட்டிக் காட்டிவிட்டு, மாலையில் என் பட்டறைக்கே வந்து நீட்டிய ஷேக்கிளைத் திரும்ப மாட்டச் சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன். சொந்த நிலத்தில் போட்டிக்காக ஓட்டுகிறேன் என்று அந்தத் தம்பி சொல்லலாம். ஆனால் அதே வண்டிதான் திங்கட்கிழமை பேருந்துக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடையே சாலையில் வருகிறது.

வெல்டிங்கே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போட்டது. கம்பெனியிலும் வெல்டிங் வைத்த ஆர்ம்கள் உண்டு. அங்கே இன்ன எஃகு என்று தெரிந்து எடுக்கிறார்கள், எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள், செய்த பாகத்தை ஆயிரக்கணக்கான முறை ஆட்டிப் பார்க்கிறார்கள். பட்டறையில் செய்தே தீர வேண்டும் என்றால் நீளவாக்கில் மூட்டு இல்லாத சீம்லெஸ் குழாய் எடுக்க வேண்டும். 7018 என்ற, ஈரம் ஆகாத ராடை அடுப்பில் உலர்த்திச் சூடு ஆறுமுன் பயன்படுத்த வேண்டும். முடிந்தபின் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளை மருந்து அடித்து, வெடிப்பு இருந்தால் சிவப்புக் கோடாகக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் அந்தச் சோதனை செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். தங்கள் கட்டுரையில் இதில் ஒரு வரிகூட இல்லை.

நான் வேண்டுவது சிறியதுதான். அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த வாக்கியம் தவறு என்று நான்கு வரி போடுங்கள். அந்தத் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, அந்த ஆர்ம் இரண்டையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். என் இழுப்பறையில் இருக்கும் துண்டை அவர் பார்க்க விரும்பினால், பேருந்து ஏறி நானே கொண்டு வருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
போடிநாயக்கனூர்.