ஏரிக்குள் கப்பல் எப்படி வந்தது? (ஆண்டறிக்கை 2023-24)

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நம் கப்பல் வரலாற்று வட்டம் செய்த வேலைகளை அவைமுன் வைக்கிறேன்.

மாதக் கூட்டம் பதினொன்று நடந்தது. டிசம்பர் கூட்டம் வெள்ளத்தால் நடக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டின் வேலைக்கு வழிகாட்டியது ஒரு சின்னப் பெண். ஜூன் கூட்டத்தில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ள பேரேரிகளில் ஓடிய பழைய கப்பல்களின் படங்களைத் திரையில் போட்டோம். உறுப்பினர் ஒருவரின் பேத்தி எழுந்து, "நயினார்குளத்துக்குச் சுத்தி கரைதான இருக்கு தாத்தா. இதுவும் ஏரிதான? அவ்ளோ பெரிய கப்பல் எப்படி உள்ள வந்துச்சு?" என்று கேட்டாள். கூட்டத்தில் சட்டென்று பதில் சொல்ல ஆள் இல்லை. கடல் கப்பலையே பேசிப் பழகிய நமக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அடுத்த ஆறு மாதம் அதற்குத்தான் பதில் தேடினோம்.

முதல் பதில் 'கீவாட்டின்' கப்பலில் கிடைத்தது. 1907இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கம் கட்டிய நீராவிக் கப்பல், நீளம் நூறு மீட்டருக்கும் மேல். அட்லாண்டிக்கைத் தானே கடந்து கனடாவுக்கு வந்துவிட்டது. ஆனால் மேல் ஏரிகளுக்குப் போக வேண்டுமானால் நயாகரா அருவியைச் சுற்றிச் செல்லும் வெல்லண்ட் கால்வாயில் ஏற வேண்டும். கால்வாய் நெடுக மதகு வைத்த தொட்டிகள். கப்பல் உள்ளே வந்ததும் மதகை அடைத்துத் தண்ணீரைப் பெருக்கினால் கப்பல் மேலே எழும். அப்புறம் அடுத்த தொட்டி. அன்றைய தொட்டிகளுக்குக் கீவாட்டின் நீளம் அடங்கவில்லை. என்ன செய்தார்கள்? கியூபெக்கில் கப்பலை நடுவே இரண்டாக வெட்டினார்கள். இரண்டு பாதிகளையும் கால்வாய் வழியே இழுத்துக்கொண்டு போய், அதைத் தாண்டி பஃபலோவில் மறுபடி இணைத்தார்கள். அந்தக் கப்பல் 1965 வரை பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சுப்பீரியர் ஏரியில் போய் வந்தது. 2023இல்தான் அதைக் கிங்ஸ்டன் நகர அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் பாதி ராத்திரி வரை பேச்சு ஓயவில்லை.

ஆகஸ்ட் கூட்டத்தில் பெரு நாட்டின் 'யாவரி'. கடல் மட்டத்துக்கு 3,800 மீட்டர் உயரத்தில், அதாவது பொதிகையின் அகத்தியர் மலையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் எட்டாத உயரத்தில், டிட்டிகாக்கா ஏரி இருக்கிறது. 1862இல் லண்டனில் செய்த யாவரியும் அதன் ஜோடிக் கப்பலும் 2,766 துண்டுகளாக வந்தன. கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரம் ரயில். அதற்குமேல் ஆண்டிஸ் மலையில் கோவேறு கழுதைதான். ஒரு கழுதை தாங்கும் எடைக்குத் தக்கபடிதான் ஒவ்வொரு துண்டையும் செய்திருந்தார்கள். 1870 கிறிஸ்துமஸ் அன்று யாவரி ஏரியில் இறங்கியது. அங்கே நிலக்கரி கிடையாது. காய்ந்த லாமா சாணத்தைத்தான் கொதிகலனில் போட்டார்கள். வறட்டி தட்டிப் பழகிய நம் ஊர்த் தாய்மார்கள் இதைக் கேட்டு எவ்வளவு நேரம் ஆச்சரியப்பட்டார்கள் என்பது வந்தவர்களுக்குத் தெரியும்.

செப்டம்பர் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. அன்று பேசியவர், தூத்துக்குடியில் கப்பல் பழுதுபார்க்கும் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர், எல்லாருக்கும் அண்ணாச்சி. டாங்கனீக்கா ஏரியின் 'லியெம்பா'வைப் பற்றிச் சொன்னார். 1913இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் கட்டி, பிரித்து, 5,000 பெட்டிகளில் அடைத்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய கப்பல். 1915இல் ஏரியில் இறங்கியது. முதல் உலகப் போர் நடந்த நேரம். மறு ஆண்டே, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அதை இணைத்துக் கட்டியவர்களே மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. மூழ்கடிக்குமுன் எஞ்சின் முழுக்கக் கிரீஸை அப்பி வைத்தார்கள். 1924இல் ஆங்கிலேயர் தூக்கியபோது எஞ்சின் கெடாமல் இருந்தது. 1927இல் கப்பல் மறுபடி ஓடியது. "மூழ்கடிக்கச் சொன்னா மூழ்கடிக்கணும். ஆனா கைல வேலை தெரிஞ்சவன் மெஷின சாக விடமாட்டான்வே" என்று சொல்லும்போது அண்ணாச்சிக்குக் குரல் கம்மியது.

பேசி முடித்து மேசைமேல் மூன்று கண்ணாடிப் புட்டிகளை வைத்தார். ஒன்றில் தூத்துக்குடிக் கடல் தண்ணீர், மற்ற இரண்டிலும் தாமிரபரணித் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு போல்ட். ஆற்றுத் தண்ணீரில் கிடந்த ஒன்றுக்கு மட்டும் கிரீஸ் பூச்சு. அடுத்த கூட்டத்துக்குள் கடல் தண்ணீர் புட்டியின் அடியில் செம்மண் போல் துரு படிந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீரில் வெறும் போல்ட் லேசாக மங்கியிருந்தது. கிரீஸ் பூசியது பளபளவென்று இருந்தது. பேரேரிக் கப்பல்கள் ஏன் அத்தனை ஆண்டு உழைத்தன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. 1906இல் இறங்கிய 'செயின்ட் மேரிஸ் சேலஞ்சர்' 2013 வரை சொந்த எஞ்சின் விசையிலேயே சரக்கு ஏற்றி ஓடியிருக்கிறது. உப்புக் கடலில் ஓடும் சரக்குக் கப்பல் அதில் மூன்றில் ஒரு பங்கு காலம் உழைத்தாலே பெரிது.

அக்டோபரில் 'ஈஸ்ட்லாந்து' கப்பல் விபத்து. 1915 ஜூலை 24, சிகாகோ ஆற்றில், கரையில் கட்டியிருந்த நிலையிலேயே கவிழ்ந்து 844 பேர் போனார்கள். டைட்டானிக்குக்குப் பிறகு கூடுதலாக ஏற்றிய உயிர்காப்புப் படகுகளின் பாரமும் ஒரு காரணம். நவம்பரில் சுலோசன முதலியார் பாலம் 1843இல் வருமுன் பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே ஆற்றைக் கடந்த விதம் பற்றிப் பேசினோம். இரண்டும் நல்ல கூட்டங்கள்.

டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நம் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த் தட்டில் இருந்த வரைபடங்கள் போயின. வருகைப் பதிவேட்டை மொட்டை மாடியில் காயவைத்து மீட்டோம். அலமாரி மேல் இருந்ததால் புட்டிகள் தப்பின.

ஜனவரியில் அண்ணாச்சி காலமானார். அவர் தொழில் அனுபவத்தை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று மூன்று கூட்டத்தில் தீர்மானம் போட்டும், பதிவானது ஒன்றரை மணி நேரம்தான். பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போட்டது நான். அவையிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். நம் பக்கத்தில் கப்பலிலும் துறைமுகத்திலும் தோணியிலும் வேலை பார்த்த பெரியவர்களை மாதம் ஒருவராக வீட்டுக்கே போய்ப் பார்த்து, அவர்கள் சொல்வதை முழுக்கப் பதிய வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி வாங்கியாயிற்று. தெரிந்தவர்கள் பெயரை இன்று போகுமுன் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள்.

அண்ணாச்சியின் மூன்று புட்டிகளும் மேசைமேல் இருக்கின்றன. பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம். மூடியை மட்டும் திறக்க வேண்டாம்.