'காசினோ'வின் வேர் காசு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'காசினோ' என்று வந்தாலே 'சூதாட்ட விடுதி' என்று எழுதிவிடும் பழக்கம் நம் இதழ்களில் ஊறிப்போயிருக்கிறது. காசு புழங்குவதால்தான் காசினோ என்ற விளக்கமும் கூடவே உலவுகிறது. இரண்டையும் திருத்த வேண்டும்.

தமிழின் 'காசு' போர்ச்சுகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆசியச் சிறு நாணயங்களைக் குறிக்கும் 'கேஷ்' ஆனது உண்மை. ஆனால் காசினோவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லத்தீனில் வீடு என்பதற்குரிய சொல் 'டோமுஸ்'. 'காசா' என்றால் வெறும் குடிசை. இத்தாலிய மொழியில் அந்தக் குடிசையே வீடு என்ற பொருளுக்கு உயர்ந்தது. சிறுமை உணர்த்தும் 'இனோ' விகுதி அதோடு சேர, 'காசினோ' பிறந்தது. பெரிய மாளிகைக்குச் சற்றுத் தள்ளி, தோட்டத்துக்குள் கட்டிய சிறு ஓய்வில்லம் அது. இத்தாலியின் காப்ரரோலா ஊரில் ஃபர்னேசே என்ற பிரபுக் குடும்பத்து மாளிகைத் தோட்டத்தில் அப்படியொரு காசினோவை இன்றும் பார்க்கலாம். பிற்பாடு இசை, நடனம், அரட்டை, சீட்டு எல்லாவற்றுக்குமான கூடுமிடத்துக்கும் அப்பெயர் வந்தது.

வெனிஸில் 1638இல் அரசு அனுமதியோடு திறந்த புகழ்பெற்ற சூதாட்டக் கூடத்தின் பெயர் காசினோ அல்ல, 'ரிதோத்தோ' என்பது கவனிக்கத்தக்கது. 1774இல் அதை மூடினார்கள். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. நகரத்தின் சிறு காசினோக்களில் தொடர்ந்தது. சூதாட்டம் என்ற பொருள் இச்சொல்லின் மேல் இப்படித்தான் படிப்படியாகப் படிந்தது.

இத்தாலியச் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் அழுத்தக் குறியைப் பார்க்க வேண்டும். கடைசி 'ஓ'வின் மேல் குறி இருந்தால்தான் சூதாட்ட விடுதி. அந்த வடிவம் பிரெஞ்சுக்குப் போய்த் திரும்பி வந்தது. குறி இல்லையென்றால் பேச்சு வழக்கில் குழப்பம், களேபரம் என்று பொருள். விலைமாதர் இல்லத்தையும் குறிக்கும். ஒரு சிறு கோட்டைத் தவறவிட்டால் செய்தியே தலைகீழாகிவிடும்.

நாட்டையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ராணுவம் பற்றிய செய்தியில் வந்தால் அது அதிகாரிகளின் உணவுக்கூடம். ஸ்பெயினில் பழைய மனமகிழ் மன்றமாக இருக்கலாம். 1836இல் தொடங்கிய மாட்ரிட் காசினோ அத்தகையதே. அமெரிக்காவின் நியூபோர்ட் காசினோ 1880இல் திறக்கப்பட்ட பொழுதுபோக்கு மன்றம். அந்நாட்டின் முதல் தேசிய டென்னிஸ் போட்டி 1881இல் நடந்தது அங்கேதான். அதைச் சூதாட்ட விடுதி என்று எழுதினால் டென்னிஸ் வரலாறு தெரிந்த வாசகர் என்ன நினைப்பார்? அமெரிக்காவின் கலிபோர்னியாவை ஒட்டிய கட்டலினா தீவில் 1929இல் எழுந்த காசினோவும் திரையரங்கும் நடன மண்டபமும்தான். இத்தகைய இடங்களுக்கு 'மனமகிழ் மன்றம்' என்ற நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்ச் செய்திகளில் வரும் மோன்டே காசினோ என்ற இத்தாலிய மலையை இதோடு சேர்க்கவே கூடாது. அது 'காசினும்' என்ற பழைய ஊரின் பெயரால் வந்தது. மூலத்தில் அதற்கு இரட்டை 'எஸ்'. எழுத்துக்கூட்டலை ஒருமுறை சரிபார்த்தாலே போதும்.

இப்படிக்கு,
மொழியில் அக்கறை கொண்ட வாசகர்கள்