படத்துக்குக் கீழே ஒரு பெயர்

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே படம் வரைந்து சம்பாதிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என்ன டேப்லெட் வாங்கலாம், கிரிட்டா போன்ற இலவச மென்பொருளில் எப்படிப் பழகலாம், அச்சுக்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏன் வேண்டும் என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நான் ஒன்பது வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. வரைந்த படம் யாருக்குச் சொந்தம்?

எங்கள் ஊர் கேரளத்தில் இருந்தாலும் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். நான் படித்ததும் தமிழ் வழியில்தான். பாலக்காட்டில் மலையாளத்தில் பேசி வேலை பிடிப்பேன், கோவை, சென்னைப் பதிப்பகங்களுக்குத் தமிழில் எழுதுவேன். எல்லையில் பிறந்ததால் கிடைத்த பலன் இது. சங்கடமும் உண்டு. கேரளக் கதை என்றாலே காயலும் தென்னையும் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் சித்தூர் தாலுகாவில் வரப்போரமெல்லாம் பனை. ஒருமுறை நான் வரைந்த படத்தில் இருந்த அத்தனை பனையையும் எடுத்துவிட்டுத் தென்னை போடச் சொன்னார்கள். பேசிப் பேசி இரண்டை மட்டும் காப்பாற்ற முடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொழிலுக்கு வந்த நான்காவது வருடம் ஒரு பதிப்பகம் குழந்தைகள் புத்தகத்துக்கு 24 படம் கேட்டது. எல்லாம் போனில் பேசியதுதான். பதினொரு வாரம் வேலை. பேசிய பணம் வந்தது, அதில் குறை இல்லை. மறு வருடம் பொள்ளாச்சியில் ஒரு கடையில் நோட்டு அட்டை மேல் என் யானைக்குட்டி நின்றது. இடது காதில் நான் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. என் பெயர் எங்குமே இல்லை. கேட்டதற்கு, "காசுதான் கொடுத்தாச்சேம்மா, அப்புறம் என்ன?" என்றார்கள்.

அதன் பிறகுதான் 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமை வரையச் சொன்னவருக்கே என்கிறது 17ஆம் பிரிவு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடத்துக்குத்தான் என்கிறது 19ஆம் பிரிவு. உரிமையை விற்ற பிறகும், இது நான் வரைந்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நம்மிடமே இருக்கும் என்கிறது 57ஆம் பிரிவு. என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததால் யானைக்குட்டியைப் பற்றி என்னால் வாதாட முடியவில்லை.

இப்போது முதல் கோடு போடும் முன்பே ஒரு பக்கத் தாளில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுகிறோம். எந்தப் புத்தகம், எந்த மொழி, எத்தனை வருடம், பாதிப் பணம் முன்கூட்டியே, இரண்டு தடவைக்கு மேல் திருத்தம் என்றால் தனிக் கூலி. தாளைப் பார்த்ததும் இரண்டு பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். அந்த மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் தாளை விடவில்லை.

இன்னொன்று, சிறுதொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. பதிந்த குறுந்தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது, மீறினால் கூட்டு வட்டி உண்டு என்கிறது 2006ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம். தனியாக வரைகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

2023 ஜூலையில் மலையாளத்தின் ஓவியர் நம்பூதிரியும் தமிழின் ஓவியர் மாருதியும் ஒரே மாதத்தில் காலமானார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்காகவும் வருத்தப்பட்டோம். படத்தின் ஓரத்தில் இருந்த கையெழுத்தை வைத்துத்தான் எங்களுக்கு அவர்களைத் தெரியும். அம்மா பழைய வார இதழ்களில் அவர்கள் படத்தை வெட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் கோடு போடப் பழகினேன்.

உங்கள் கட்டுரைக்கு மேலேயும் ஒரு படம் இருந்தது. மேசை முன்னால் குனிந்து வரையும் பெண், காலடியில் சுருண்டு தூங்கும் பூனை. அந்தப் பூனையின் முதுகை ஒரே கோட்டில் இழுத்திருந்தார்கள். கட்டுரை எழுதியவர் பெயர் இருந்தது. வரைந்தவர் பெயரைப் பக்கம் முழுக்கத் தேடினேன். அடுத்த ஞாயிறாவது அதைப் போடுங்கள், ஐயா.